பிரிசில்லா அளக்காத பாதி

இந்தப் பயணம் நடந்து மூன்று வாரமாகிறது. பிந்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு, அது வரும்போது சொல்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்வருவதெல்லாம் ஒரு பயணமா என்று சிலர் கேட்பீர்கள். தூரம் பதினொரு கிலோமீட்டர்தான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையோடு, இந்த நாட்களில், கடற்கரைக்கும் சந்தைக்கும் மட்டுமே போய்வந்துகொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பயணம்தான். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பாதிப்பேர் சின்னப் பிள்ளைகளின் தாய்மார். அவர்களுக்காகத்தான் நேரமும் காசும் சரியாகக் குறித்துவைக்கிறேன்.

போனதற்குக் காரணம் பொறாமை. ஒளித்து எழுதினால் மீதிக் கதை விளங்காது.

பிரிசில்லாவும் நானும் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் கட்டட வரைபடம் படித்தோம். அவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. வரைபடத்தில் எழுத்து எழுதும் விதத்தை என்னைப் பார்த்துத்தான் பழகினாள். அவளுடைய தாளில் எப்போதும் மை இழுபட்டிருக்கும், என்னுடையதைத்தான் ஆசிரியர் சுவரில் குத்துவார். பிறகு எனக்குக் கல்யாணம், எட்டு மாத வேலை, மகள் ஆரபி. அவள் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்து இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். போன மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அவர்கள் பகுதியில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய அங்கிலிக்கன் தேவாலயத்துக்குக் கூரை மாற்றப்போகிறார்களாம். அதற்காகக் கட்டடத்தை அளந்து வரைந்தது அவள். முகப்பும் உள் தரையும் ஒரே தாளில். "பார்த்துச் சொல்லு" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாள்.

பார்த்தேன். தூண்களின் கோடு நடுங்காமல் போயிருந்தது. எழுத்து என்னுடைய எழுத்து, என்னிடமிருந்து எடுத்து என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். கணினியை மூடிவிட்டு அரிசி கழுவப் போனேன். கழுவிய அரிசியைத் திரும்பவும் கழுவினேன். இந்த வரைபடத்தில் ஒரு குறை இல்லாமலா இருக்கும் என்று தோன்றியது. குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கட்டடத்தை நேரில் பார்க்கவேண்டும். தெருமுனைக் கடையில் பத்து ரூபா கொடுத்து அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டேன்.

தேவாலயத்தின் பெயரையும் வீதியையும் எழுதவில்லை. கொழும்பில் இருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லவேண்டியதில்லை. பிரிசில்லா என்பதும் அவளுடைய பெயர் இல்லை. "எழுதடி, பேரை மட்டும் மாத்து" என்று அவளே சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு வெளிக்கிட்டோம். இவர் வரவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில ஏறக்கூடாது எண்டு நீர்தானே சட்டம் போட்டனீர்" என்றார், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வீட்டில நிக்கிறன்."

"அப்ப பிள்ளையை உங்களோட விட்டிட்டுப் போகட்டோ?"

"அவள் உம்மை விட்டிட்டு நிப்பாளோ? பத்து நிமிஷத்தில அழத் தொடங்கிடுவாள்."

சட்டம் என்னுடையதுதான். பஸ்ஸில் பார்சல் வெடித்த செய்திகள் வரத் தொடங்கிய பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறுவதில்லை. எங்களைப் போல் எத்தனையோ வீடுகள். பிள்ளை யாரோடு போவது என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

காலி வீதியில் எட்டுப் பத்துக்கு 155 மட்டக்குளி பஸ் வந்தது. இருபத்திரண்டு ரூபா, மடியில் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. நான் ஏறியதும் முதலில் இருக்கைக்குக் கீழே பார்ப்பேன். பிறகு மேலே சாமான் தட்டைப் பார்ப்பேன். சொந்தக்காரர் தெரியாத பை இருந்தால் அடுத்த பஸ். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆரபிக்குக் கலர் அடிக்கும் புத்தகமும் மெழுகுக் கலர்களும் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

மருதானை தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையையும், வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று காட்டும் பொலிஸ் பதிவுப் பிரதியையும் கையில் எடுத்து வரிசையில் நின்றபோதுதான் எனக்கு நினைவு வந்தது. வரைபடம். கசங்காமல் இருக்கட்டும் என்று அதைக் கலர் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். துறைமுகத்துக்குக் கிட்டே உள்ள ஒரு கட்டடத்தின் அளவுகள் எழுதிய தாள், வெள்ளவத்தை முகவரி உள்ள ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில். இருக்கைக்குக் கீழே குனிந்து பார்க்கிறவளுக்கு இது மறந்துபோயிருக்கிறது. பொறாமை வந்தால் பயம்கூட வேலை செய்யாது போலிருக்கிறது.

பெண் பொலிஸ் ஒருத்தி பையைத் திறந்து புத்தகத்தை விரித்தாள். தாள் முதல் ஆளாக வெளியே வந்தது.

"மொகக்த மே?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள்.

ஆரபிதான் தமிழில் சொன்னாள். "நான் கலர் அடிச்சது. இன்னும் முடியேல்ல."

அப்போதுதான் பார்த்தேன். நான்கு தூண்களில் வலப்பக்கத்து இரண்டுக்கும் ரோஸ் நிறம் அழுத்தி அடித்திருந்தாள், அளவுகளின் மேலேயே. பொலிஸ் பெண் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "ஹரி லஸ்ஸனாய்" என்றாள். நல்ல வடிவாம். புத்தகத்துக்குள் வைத்துப் பையைத் திருப்பித் தந்தாள். நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். வரைபடம், வீதிப்படம், பெரிய கமரா எதுவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கியபோது ஒன்பது இருபத்தைந்து. சோதனைக்கு மட்டும் இருபது நிமிடம் போயிருந்தது. அங்கிருந்து ஓட்டோ. தமிழ் என்று தெரியாமலிருக்கப் பொட்டு வைக்காமல்தான் வந்திருந்தேன். "பள்ளியட்ட யன்ன" என்று, தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்பதைச் சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களத்தைக் கேட்டதுமே ஓட்டோக்காரர் தமிழுக்கு மாறிவிட்டார்.

"தங்கச்சி, பள்ளி பள்ளி எண்டு சொன்னா எங்கட ஆக்கள் தொழுற பள்ளிக்குக் கொண்டுபோவாங்க. சிங்கள ஆக்கள் சேர்ச்சுக்குக் கொண்டுபோவாங்க. இந்தியாவால வந்தவன் எண்டா பள்ளிக்கூடத்தில இறக்கிடுவான். நீங்க போற எடத்தில டோம் ஈக்கிறதா, தூண் ஈக்கிறதா?"

"தூண்."

"அப்ப வெள்ளக்காரன்ட பள்ளி. ஏறுங்க. நூறு ரூபா."

பேரம் பேசினால் எண்பதுக்கு வருவார்கள். எனக்கு மனம் வரவில்லை, அந்த விளக்கத்துக்கே இருபது ரூபா கொடுக்கலாம்.

இனி கட்டடம். கோபுரம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஒரு சிலை இல்லை, ஒரு பூ வேலை இல்லை. நான்கு உருண்டைத் தூண்கள், அவற்றின் மேல் ஒரு நீண்ட பட்டை, அதன் மேல் முக்கோணமாக ஒரு முகப்பு. எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்து வெள்ளைக்காரர் தங்கள் ஊரில் கட்டி, பிறகு இங்கேயும் கொண்டுவந்த பாணி இது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் அதில் உள்ள வேலை தெரியும். தூண்கள் நேர்க்கோட்டில் ஏறவில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சிறிய வயிறு வைத்து, மேலே போகப்போக ஒடுங்குகின்றன. நேராகக் கட்டினால் நடு மெலிந்ததுபோல் கண் ஏமாறும் என்பதற்காகச் செய்வது. பிரிசில்லாவின் வரைபடத்தில் அந்த வயிறும் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலை எழுதத் தேவையில்லை.

வாசலின் வலப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுவே இடப்பக்கமும். இரண்டு தூண், இரண்டு தூண். ஒரு மாடம், ஒரு மாடம். நடுவில் கதவு. ஒரு தாளில் மையால் வரைந்து ஈரத்தோடு மடித்துப் பிரித்தது போல. இந்தப் பாணியின் அழகே அதுதான்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜோசப் அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். கட்டணம் இல்லை, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். படம் எடுக்கக்கூடாது.

"கூரை வேலைக்கு அளந்தாச்சு அம்மா. நம்ம பிரிசில்லா பிள்ளதான் அளந்தது. என்னா கெட்டிக்காரி தெரியுமா? ரெண்டே ரெண்டு காலைல முடிச்சிட்டா" என்றார்.

"முழுக்க அளந்தவவோ?" என்றேன். கேட்டது நல்ல எண்ணத்தோடு இல்லை.

"எங்க விட்டாங்க? அந்த எடப்பக்கம் வெளிய ஆமிக்காரங்க காவல் நிக்கிறாங்க. டேப்ப நீட்டினதும் வந்து போகச் சொல்லிட்டாங்க. உள்ளுக்கும் அந்தப் பக்கம் அன்னைக்கு பெஞ்சு எல்லாம் அடுக்கி வச்சிருந்தோம், கூரை ஒழுகுதுன்னு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கம் மாதிரித்தானே அண்ணன்னு சொல்லிட்டுப் போயிட்டா. திங்கக்கிழமை மொறட்டுவைல மரம் அறுக்கக் குடுக்கிறாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. பாதியை வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு அதையே மறுபாதியாகப் படியெடுத்திருக்கிறாள். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இந்த மாதிரிக் கட்டடத்தில் செய்யாமல் விட்டால்தான் ஆச்சரியம். ஆனால் எனக்கு உடம்பு முழுக்க ஒரு சுறுசுறுப்பு வந்தது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரெல்லாம் பளிங்குப் பலகைகள், இங்கே வந்து காய்ச்சலில் செத்துப்போன வெள்ளைக்காரர்களின் பெயர்கள். ஒன்றில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், பெரியவனுக்கு இரண்டு வயது, சின்னதுக்கு ஏழு மாதம். அதற்குப் பிறகு நான் பலகைகளை வாசிக்கவில்லை.

பிஸ்கட் சாப்பிட ஆரபியை வலப்பக்கத்து ஜன்னல் திண்டில் தூக்கி வைத்தேன். வளைவான பெரிய ஜன்னல். சுவர் அவ்வளவு தடிப்பு, காலை நீட்டி முதுகைச் சாய்த்து ராணிபோல உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடித்ததும் இடப்பக்கத்து ஜன்னலுக்கு மாற்றினேன். பெஞ்சுகளையெல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வைத்துவிட்டுக் கையை எடுத்த உடனே பிள்ளை முன்னுக்குச் சரிந்தாள். விழமுன் பிடித்துவிட்டேன். அதே உயரம், அதே வளைவு, ஆனால் உட்கார இடம் பாதிகூட இல்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்தத் திண்டைப் பார்த்தேன். வலப்பக்கத்துச் சுவர் தடிப்பு, இடப்பக்கத்துச் சுவர் மெலிவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே அப்படி இருக்க முடியாது.

தரையில் சதுரக் கல் பதித்திருக்கிறார்கள். கதவின் நடுவிலிருந்து எண்ணினேன். வலப்பக்கச் சுவருக்குப் பதினெட்டுக் கல். இடப்பக்கச் சுவருக்குப் பத்தொன்பதரை. மூன்று தரம் எண்ணினேன். என் செருப்பை வைத்துப் பார்த்தால் ஒரு கல் ஏறக்குறைய ஓர் அடி. அவள் பதினெட்டை இரண்டால் பெருக்கியிருக்கிறாள். திங்கட்கிழமை அறுக்கப்போகும் உத்தரம் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கட்டை. மறுசுவரில் போய் உட்காராது. அவ்வளவு மரமும் வீண், சபையார் சேர்த்த காசு வீண், அவளுடைய வேலைக்கும் என்ன ஆகுமோ.

சந்தோஷப்பட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஜோசப் அண்ணனுக்கு நன்றி சொல்லி, உண்டியலில் ஐம்பது ரூபா போட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகாது என்று படி இறங்கும்போதே கணக்குப் பார்த்துவிட்டேன்.

சந்தி வரை நடந்தால் பன்னிரண்டு நிமிடம். பாதி வழியில் தொலைபேசி அடித்தது.

"என்னடி, என்ட ஏரியாவுக்கு வந்து எனக்கே சொல்லாமப் போறியா?" பிரிசில்லா. "ஜோசப் அண்ணன் கோல் பண்ணினார். ஒரு வெள்ளவத்த அம்மா வந்து தரையில கல்லு எண்ணிட்டுப் போறாவாம்."

"சும்மா வந்தனான். பிளாக்குக்கு எழுத."

"சும்மா வர்ற ஆளா நீ? கடற்கரைக்குப் போறதுக்கே குடை, மருந்து, ரெண்டு சோடி உடுப்பு கொண்டுபோற ஆள். அங்கயே நில்லு, வாறன்."

சந்தியில் ஒரு கூல் பாரில் உட்கார்ந்தோம். பலூடா எழுபது ரூபா, ஆரபிக்குச் சின்ன ஐஸ்கிறீம் முப்பது. பிரிசில்லா நல்ல சப்பாத்து போட்டிருந்தாள். தலைமுடியை வெட்டியிருந்தாள், அது பொருந்தியும் இருந்தது. ஆரபி கலர் புத்தகத்தை மேசையில் விரித்தாள்.

"அன்ரி, நான் கலர் அடிச்சனான்."

பிரிசில்லா தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ட தூணுக்கு ரோஸ் அடிச்சிருக்கா. மத்த ரெண்டையும் ஏன் விட்ட?"

"பொலிஸ் வந்திட்டுது."

"பாதியில விட்டது அவள் மட்டுமில்லை" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் உறிஞ்சுவதை நிறுத்தினாள். "எந்தப் பக்கம்?"

"இடது. பத்தொன்பதரை. வலது பதினெட்டு. சுவர் தடிப்பு வித்தியாசம்."

"எண்ணினியா?"

"மூண்டு தரம்."

"ஜோசப் அண்ணனிட்ட ஏன் சொல்லேல்ல?" நான் ஆரபியின் வாயைத் துடைத்தேன். "சொல்லாம பஸ் ஏறப் பாத்தனியாடி?"

"ஓம்."

"சரியான விஷம் நீ" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "எழும்பு. பலூடாவ வச்சிட்டு வா."

நான் சொன்னது மனம் திருந்தி இல்லை. கண்டுபிடித்தது நான் என்று அவளுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் உத்தரம் கட்டையாகப் போனால் என்னுடைய கெட்டித்தனத்தை யார் அறிவது?

திரும்பப் போனோம். அவள் சேலையைத் தூக்கிச் செருகுவதுபோல் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முழந்தாளில் நின்று எண்ணினாள். பையிலிருந்த அடிமட்டத்தால் ஒரு கல்லை அளந்தாள். சரியாகப் பன்னிரண்டு அங்குலம். இரண்டு ஜன்னல் திண்டுகளிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். முன்பு அங்கே நின்ற ஏதோ கட்டடத்தின் சுவரை வலப்பக்கம் அப்படியே விட்டுவைத்து மீதியைக் கட்டியிருப்பார்கள் என்பது அவளுடைய ஊகம். பிறகு வாசலில் நின்று தன் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தாள். "மகே வெரெத்த, சேர்" என்றாள். என்னுடைய பிழை, சேர். அவர் ஏதோ கத்தினார். அவள் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பொறுத்திருந்து, திரும்பவும் அதையே சொன்னாள். மரம் அறுப்பதை நிறுத்துவது, பொலிஸ் அனுமதிக் கடிதத்தோடு புதன்கிழமை முழுக்கத் திரும்ப அளப்பது என்று முடிவானது. நான்கு நிமிடம்.

அவளுடைய கோடுகளையும் எழுத்தையும் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் அந்த நான்கு நிமிடத்துக்கு முன் ஒன்றுமில்லை. பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒருவர் இருந்தார். ஏச்சு வாங்கிய பிறகு திங்கட்கிழமை போய் உட்கார ஒரு மேசை இருந்தது. பிழையான தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் வரைவாள். இந்த நான்கு வருடத்தில் நான் விட்ட பிழைகளுக்கு யார் ஏசுவது? பிள்ளைக்குச் சளி பிடித்தால் நானே என்னை ஏசிக்கொள்கிறேன். அதற்குப் புதுத் தாளும் இல்லை.

"புதன் வாறியா? டேப்பின்ட மத்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். புதன் காலை ஆரபிக்குச் சப்பாத்தும் போட்டுவிட்டேன். காலி வீதியில் பஸ் ஒன்றில் ஆளில்லாத பை கிடந்ததென்று வீதியை மூடிவிட்டார்கள். பிறகு திறந்தார்கள், பையில் தேங்காய்தான் இருந்ததாம். ஆனால் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். டேப்பின் மறுமுனையை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை பிடித்திருக்கிறாள். அவள் மேலும் எனக்கு இப்போது பொறாமை, முகம்கூடத் தெரியாது. அன்று பின்னேரம் பிரிசில்லாவிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. "19½ சரி. அரை அங்குலம்தான் வித்தியாசம்." திருத்திய வரைபடத்தை ஏற்றுக்கொள்ளும்வரை எழுதாதே என்று கேட்டிருந்தாள். போன வெள்ளி ஏற்றுக்கொண்டார்கள். பிந்தியதற்குக் காரணம் அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு. ஓட்டோக்காரரிடம் தூண் வைத்த பள்ளி என்று சொன்னால் போதும். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள், ஞாயிறு ஆராதனை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுப் பிரதி, தண்ணீர் போதும். மதியத்துக்கு முன் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், வீட்டில் இருப்பவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூற்றுச் சொச்சம் ரூபா முடிந்தது. இடப்பக்கத்து ஜன்னலில் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். நேரம் இருந்தால் கதவின் நடுவில் நின்று இடப்பக்கம் எண்ணிப் பாருங்கள், பத்தொன்பதரை வரும். புதிய வரைபடத்திலும் அந்த அளவு இருக்கிறது. முதலில் எண்ணியது யார் என்று வரைபடத்தில் எழுதும் வழக்கம் இல்லை. எண்ணியது நான். எழுத வேறு இடம் இல்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.